கறி சாஸ் ஏன் கருகியது

அன்புள்ள ஷானுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் தாமஸும் நலமாக இருப்பீர்கள், வெலிங்டன் காற்று உங்களைத் தூக்கிக்கொண்டு போகாமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சுகம்தான், ஆனால் முழுச் சுகம் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என் தோளை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே என்ன பேசுவது? பதறாமல் கடைசிவரை படி, நடுவில் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே.

நாங்கள் நம்ம சீனச் சாப்பாட்டுக் கடையை விற்றுவிட்டதிலிருந்தே மோர்கம் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அப்பாவை நிறுத்தி, உங்க கறி சாஸ் இல்லாம உருளைக்கிழங்கு சிப்ஸ் இறங்க மாட்டேங்குது என்று புலம்புவார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு வருவார். போன மாதம் பக்கத்து வீட்டு டோரீன் வந்து, என் புருஷன் கென்னுக்கு எழுபது வயது ஆகிறது, சர்ச் ஹாலில் விருந்து வைக்கிறேன் என்றாள். "விங், கேக்கை நான் பாத்துக்கறேன், சிப்ஸ் மேல ஊத்த உன் சாஸ் ஒரு பானை மட்டும் பண்ணிக் குடு. அது இல்லேன்னா அந்த மனுஷன் தன் பிறந்தநாளுக்கே வர மாட்டான்" என்றாள். அப்பா உடனே சரி என்றார். எனக்கு அப்போதே ஏனோ மனசு சரியில்லை, சரி என்று சொன்னவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

வீட்டு அடுப்பு கடை அடுப்பு மாதிரி இல்லை, அதனால் முதலில் கொஞ்சமாகச் செய்து பார்க்கிறேன் என்றார். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கறிப்பொடி கருகுகிற வாடை படியேறி வந்து இருமல் எடுத்தது. ஓடி வந்து பார்த்தால் அவர் வாணலிக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டு நிதானமாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்! கருகுது, கருகுது என்று கத்தினேன். "ஒண்ணும் கருகல, உனக்கு எப்பவும் அவசரம்" என்றார். அதையே மாவு போட்டு, கோழி எலும்புச் சாறு விட்டு, சர்க்கரையும் சோயாவும் சேர்த்து, வடிகட்டி, வேலி வழியாகக் கென்னிடம் நீட்டினார். டோரீன் மரியாதைக்கு நல்லாயிருக்கு என்றாள். கென் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னப்பா விங், தீப்பிடிச்ச கொட்டகையை நக்கின மாதிரி இருக்கே" என்று சிரித்தான். அப்பாவும் சிரித்தார், ஆனால் அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை.

மறுபடி செய்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். அன்னாசிப்பூ போட்டார். சற்றுக் கழித்து மறுபடியும் போட்டார். அப்புறம் இன்னொன்றையும் எடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டேன். ஷான், லிவர்பூலில் உன் பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டார், கடைசியில் பெரியம்மாவைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பொண்ணும்மா என்று கேட்டார். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். காய் நறுக்கும்போது சும்மா கேட்பதுபோல, நம்ம மெனுவுல முப்பத்தொண்ணு என்ன என்றேன். முந்திரி போட்ட கோழி என்றார். ஐம்பத்தாறு? இறால் நூடுல்ஸ். உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள், பழைய வேனின் நம்பர், எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "எனக்கென்ன பரீட்சையா வைக்கிறே?" என்று எரிந்து விழுந்தார். மறதி இல்லை என்றால் பின்னே என்ன? அதை நினைத்து இன்னும் பயந்தேன்.

அப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மார்க்கெட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தேன், வீடு முழுக்க கேஸ் வாடை. அடுப்பில் வைத்த சாறு பொங்கி வழிந்து தீயை அணைத்திருக்கிறது, கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அப்பா முன்னறையில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவர் சட்டையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்தேன். "ஏன் இந்தக் குளிர்ல ஜன்னலைத் திறக்கறே?" என்கிறார்! கேஸ் வாடை வரலையா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "குளிர்காலத்துல ஜுரம் வந்துச்சே, அதுலேர்ந்து எந்த வாசனையும் தெரியல. மூக்கு செத்துப்போன சமையல்காரன்னு ஊர்ல சொல்லிக்கச் சொல்றியா?" என்றார். இத்தனை நாளும் நிறத்தைப் பார்த்தே சமைத்திருக்கிறார். அன்னாசிப்பூ வாசனை எழவில்லை, பத்தவில்லை என்று நினைத்துத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். நான் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கேஸுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கு என்னை மறக்கவில்லை என்பதற்காக அழுதேன் என்று நான் சொல்லவில்லை.

கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். எதற்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், தேதி இன்னும் வரவில்லை. தபால் விழும் சத்தம் கேட்டாலே அவருக்கு முன்னால் நான் ஓடிப்போய் எடுக்கிறேன். கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்று வாங்கி மாட்டியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் உடனே ஒன்று மாட்டு.

விருந்துக்குத் தன்னால் சாஸ் செய்ய முடியாது என்று அப்பா டோரீனிடம் சொல்லிவிடப் போனார், நான் விடவில்லை. கை உங்களுடையது, மூக்கு என்னுடையது, வாங்க என்றேன். வெங்காயம், பூண்டு, இஞ்சியைச் சின்னத் தீயில் எண்ணெயில் வதக்கினோம். இப்போ? என்பார். இன்னும் பச்சை வாசனை போகல என்பேன். இப்போ? இன்னும் இல்லை. "நீ ஒரு பயந்தாங்கொள்ளி, உன்னை நம்பினா கென்னோட எண்பதுக்குத்தான் சாஸ் போகும்" என்று திட்டினார். கறிப்பொடியும் மஞ்சளும் போட்டு, அது மணந்து எழுந்த நொடியில் நான் ம் என்றதும் மாவைத் தூவிச் சாற்றை ஊற்றினார். அன்னாசிப்பூவை ஒரே தடவைதான் போட விட்டேன். நீயும் செய்தால் அந்த நொடியை விட்டுவிடாதே, அதைத் தாண்டினால் கசந்துவிடும்.

ஹாலில் கென் தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு, "இதுதாண்டா விங்!" என்று அப்பா முதுகில் அறைந்தான். அப்பா சிரித்தார். ஆனால் பானைப் பக்கம் வந்து மெதுவாக என்னிடம், எப்படி வாசனை வருது, சொல்லு என்றார். நல்லா வருது என்றேன். "நல்லான்னா எப்படி?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யார் இதைக் கேட்டார்கள்? குனிந்து முகர்ந்து பார்த்து, வெங்காயம் குழைஞ்சு இனிப்பா வருது, கறிப்பொடி மூக்குல லேசா ஏறுது, அன்னாசிப்பூ கடைசியா வந்து எட்டிப் பாத்துட்டு ஒதுங்கிக்குது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். அவராகச் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மழையில் சைக்கிளில் போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அந்த சாஸை ஒருநாள் செய்துவிட்டு அப்பாவைக் கூப்பிடு. நல்லா வந்துச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதே. என்ன வாசனை வந்தது என்று சொல்.

உன் அம்மா,
லாய்-ஃபோங்