பன்னிரண்டு வெள்ளிப் பிடித்தம்

மாமா,

இன்று எனக்கு முதல் சம்பளச் சீட்டு வந்தது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. மூன்று பக்கமும் ஓரத்தைக் கிழித்துத் திறக்கும் உறை. அவசரத்தில் நான்காவது பக்கத்தையும் கிழித்துவிட்டேன். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பிடித்தங்களைப் படிக்கும்போது உங்கள் நினைவு வந்தது. யாருக்கும் பிடிக்காத ஒன்றுக்குப் 'பிடித்தம்' என்று பெயர் வைத்தவன் என்னைவிடப் பெரிய குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும்போது நான் செய்த வேலையை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் வேலை செய்த பலகைப் பட்டறையில் சம்பளச் சீட்டு என்பது அரைத் தாள். பிரிக்காமல் உங்கள் சட்டைப்பையில் கிடந்ததை எடுத்து, பள்ளிக் கணினியில் அதே மாதிரி ஒன்று அடித்தேன். 'வேலை நேரத்தில் சத்தமாகச் சிரித்ததற்கு: பன்னிரண்டு வெள்ளி' என்று மலாய் மொழியில் ஒரு வரியைச் சேர்த்து, அடியிலுள்ள தொகையிலும் பன்னிரண்டைக் குறைத்து, பைக்குள் திருப்பி வைத்தேன். நீங்கள் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள், அதற்கும் பிடித்தம் உண்டு என்பேன். அதுதான் என் திட்டம்.

நீங்கள் படிக்கவே இல்லை. அடியிலிருந்த தொகையை மட்டும் பார்த்தீர்கள். தாளை நாலாக மடித்தீர்கள். அம்மாவிடம், "இந்த மாசம் கொஞ்சம் கொறையுது, நான் முடிவெட்டிக்கிறத அடுத்த மாசம் பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எதுக்குப் புடிச்சாங்கன்னு பாக்கலையா மாமா?"

"எதாச்சும் இருக்கும் லா. புடிக்கிறவனுக்குத் தெரியாதா?"

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எண்ணிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரும் வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்பது உங்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரிந்திருக்கும். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அம்மா துடைப்பத்தைத் தேடினார். நீங்கள்தான் குறுக்கே வந்து, "வாலு, நெசச் சீட்டு எங்க? அதையாச்சும் படிச்சுக் காட்டு" என்றீர்கள்.

அன்று உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். சேமநிதிக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன, ஒன்று தொழிலாளிக்கு, ஒன்று முதலாளிக்கு. இரண்டையுமே உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தீர்கள். நூற்றுக்குப் பதினொன்றுதான் உங்களுடையது, பதின்மூன்று முதலாளி தன் பையிலிருந்து போடுவது என்று சொன்னதும், "அவரா? எனக்கா?" என்று இரண்டு முறை கேட்டீர்கள். அந்தச் சந்தோஷத்தில் கைப்பேசியில் உங்கள் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தோம். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பழைய சீட்டுகளையும் தேடிப் பார்த்தோம், மாதாமாதம் பிடித்திருந்தார்கள். கணக்கில் கடைசி மூன்று மாதமும் காலி. உங்களுடையதும் வரவில்லை, முதலாளியுடையதும் வரவில்லை. பணத்தை எடுக்கக்கூடிய ஐம்பத்தைந்து வயதாக உங்களுக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் வேலையை விடுவதாக இருந்தீர்கள்.

அடுத்த நான்கு நாளும் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தீர்கள். புகார் கொடுக்கலாம் என்றேன், பேச்சை மாற்றினீர்கள். சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டு, ஏறு என்றீர்கள். நம் ஊர் பெஸ்தாரி ஜெயாவை நீங்கள் கடைசிவரை பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொன்னீர்கள், அங்கிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பட்டறைக்குப் போனோம். அலுவலக வாசலில் நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாத. நான் கேக்கறேன்."

குரலை உயர்த்தவில்லை நீங்கள். மூன்று சீட்டுகளையும் மேசையில் பரப்பி, மலாயில், இந்த மூன்று மாதப் பணம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டீர்கள். கணக்குப் பார்க்கும் பெண் தாளைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், நாற்காலி போட்டாள். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை, முதலாளியிடம் சொல்கிறேன் என்றாள். திங்கட்கிழமை உங்கள் பட்டறை ஆட்கள் மேலும் ஐந்து பேர் சீட்டோடு போய் நின்றார்கள். அடுத்த மாதமே எல்லோருக்கும் கட்டிவிட்டார்கள்.

அன்று திரும்பும் வழியில் தேத்தண்ணீர்க் கடையில் நீங்கள் சொன்னது: "முப்பது வருசமா அந்த வாசல்ல நிக்கவே பயந்தேன். அந்தப் புள்ள உக்காருங்கங்குது."

ஒரு வருடம் கழித்து வேலையை விட்டு, அம்மாவுக்குச் சமையலறையில் நீல ஓடு பதித்துக் கொடுத்தீர்கள். மீதிப் பணத்தில் தொந்தரவில்லாமல் இருந்தீர்கள். போன வருடத் தீபாவளிக்கு அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

நான் திருந்தவில்லை, மாமா. போன வாரம்கூட மேற்பார்வையாளரின் தொப்பிக்குள் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டினேன். அவர் தேடி வந்து திட்டினார், நானும் பதில் பேசினேன், இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் என் வரிசையில் பெட்டி கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் பார்க்காமல் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவரிடம் மட்டும் நான் விளையாடுவதில்லை.