கரி படாத புடவை

தை 12, திங்கள்

எங்கள் சிங்காநல்லூர் ஃபவுண்டரியில் நாளை முதல் கரண்ட் உலை. என் வீட்டுக்காரர் கட்டிய நிலக்கரி உலையை இன்று பிரித்துவிட்டார்கள். கரியில் உருக்கிய இரும்பு இனி வேண்டாம் என்று நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"சுவிட்ச நீங்கதானுங்கம்மா போடோணும்," என்றான் மகன்.

"அந்தக் கரண்ட்டு எதுல வருது?"

"உடுமலைக் காத்தாடியிலிருந்துங்க. காத்து நின்னுபோச்சுன்னா... கரிக் கரண்ட்டுதானுங்க."

"அப்ப கரி எங்கயும் போகல கண்ணு. நம்மள உட்டுத்தான் போகுது."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உலை பற்றவைக்கும் நாளில், முதல் கூடைக் கரிக்குக் குங்குமம் வைத்து நான்தான் கொட்டுவேன். "வெள்ளைச் சீலையில வந்துபோடாத அம்மணி, அப்பறம் என்னையத்தான் திட்டுவே," என்பார் அவர். அவர் போன பிறகு அந்தக் கூடையை யாரும் என் கையில் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சுவிட்சுக்கு அப்படியொரு வழக்கம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளைப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். நாளை அது வெள்ளையாகவே வீடு திரும்பும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.