சாமிக்கு விட்ட காரி

சாக்கோட்டை,
12.8.2025

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும், போன வாரம் கன்று போட்ட பசுவும், மெஷினுக்குள் இருக்கும் உன்னுடைய ஐந்து உருப்படிகளும் நல்ல சுகம். அங்கு கால்கரியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சுகமாக இருக்க நம் அய்யனார் துணை. ஐந்து என்று படித்ததும் உன் புருவம் மேலே போயிருக்கும், எனக்குத் தெரியும். ஆறுதானே இருக்க வேண்டும் என்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், நான் பதிலுக்குக் கத்துவேன், அப்பா நடுவில் புகுந்து மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், விஷயம் முடியாமலே போய்விடும். தாளில் எழுதினால் கடைசி வரி வரைக்கும் நீ படித்துத்தான் ஆக வேண்டும். அங்கே உன் பக்கத்துத் தெருவில் இருக்கிற சத்தியப்பிரியா, காரைக்குடியில் அம்மா வீட்டில் லீவை முடித்துக்கொண்டு வியாழக்கிழமை கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் சீப்புச் சீடை டப்பாவைத் திறந்து இரண்டை வாயில் போட்டுக்கொள், அப்புறம் மேலே படி.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னதற்குப் பிள்ளையார்பட்டி வரை நடந்து போகிறேன் என்று கிளம்பினார், மானகிரி தாண்டவில்லை, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்ச் சாமி கும்பிட்டு, மோதகத்தையும் தின்றுவிட்டு வந்தார். கன்று செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கிடாரிதான். காளைக் கன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை. அவருக்கு மூட்டு வலி வந்து நம் காளையை விற்ற பிறகு இரண்டு வருஷமாகத் தொழுவத்தில் காளையே இல்லையே. சரி, இழுத்துக்கொண்டே போகிறேன், விஷயத்துக்கு வருகிறேன்.

போன கார்த்திகையில் சத்தியப்பிரியாவிடம் நீ அந்த விளையாட்டு மெஷினைக் கொடுத்து அனுப்பினாயே, அன்றிலிருந்து தொடங்க வேண்டும். "அம்மா, மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்த்த கை உன் கை. எனக்கு நேரமில்ல. இதுக்குள்ள இருக்கற மிருகங்கள நீ வளத்து அனுப்பு, நான் சண்டைக்கு விடுறேன்" என்றாய். நெட்டில் இங்கிருந்து அங்கே அனுப்பலாம், அங்கிருந்து இங்கே வரும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அப்பா என்னைக் கேலி பண்ணாத நாள் இல்லை, பேட்டரி மாட்டுக்காரி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆரம்பத்தில் நான் செய்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். பலத்துக்கு ஒரு பழம், வேகத்துக்கு ஒரு பழம், தாக்குப்பிடிக்க ஒரு பழம் என்று மெஷினில் இருந்ததை எல்லாம் ஆறுக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஒரு உருப்படிக்கு மொத்தமாக இவ்வளவுதான் ஏறும், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றினால் எதற்கும் உதவாது, வேகம் உள்ளதற்கு வேகம் மட்டும் ஏற்று என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாய். பந்தியில் ஆறு பேரை உட்கார வைத்து ஒருத்தனுக்கு மட்டும் அப்பளம் வைக்க என் கை வருமா? அதைப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழகிய பிறகு நான் விடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்தால் உனக்கு அங்கே சாயங்காலம், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வளர்த்தோம். அதில் முட்டையிலிருந்து வந்தவன் காரி. அவனுக்கு இங்கிலீஷில் என்னவோ ஒரு பெயர், என் வாயில் நுழையவில்லை, கறுப்பு நிறத்துக்குக் காரி என்று நான்தான் வைத்தேன். மூன்று கொம்பு, மூக்கில் புகை, நடக்கும்போது திமில் ஆடும். எட்டு மாதம். நம் வீட்டுக் காளைக்குக்கூட நான் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் நீ போன் பண்ணி, கால்கரிப் போட்டியில் ஜெயித்துவிட்டேன், முப்பதாம் தேதி வான்கூவரில் கடைசிப் போட்டிக்குப் போகிறேன் என்றாய். எதிரில் ஆடியவன் காரியைப் பார்த்ததும் கையில் இருந்த ஜூஸை மடியில் கொட்டிக்கொண்டான், எழுந்திருக்க வெட்கப்பட்டுக்கொண்டே ஆடித் தோற்றான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பில் உனக்கு மூச்சு முட்டியது, விக்கல் வந்தது, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, கடைசிப் போட்டிக்குள் காரிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்றிக் கொடும்மா என்று மற்ற ஐந்தோடு அவனையும் எனக்கு அனுப்பி வைத்தாய்.

எனக்கு நம் அய்யனாரிடம் ஒரு வேண்டுதல் இருந்தது. நடந்தால் நம் தொழுவத்துக்கு வரும் முதல் காளையைச் சாமி பெயருக்கு விடுகிறேன் என்று நேர்ந்திருந்தேன். நடந்துவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை தலைக்குக் குளித்து, மெஷினைப் பூக்கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி பொன்னழகு அங்கே இல்லை, நானே சூடம் கொளுத்திச் சாமிக்கு முன்னால் காரியைத் திருப்பிக் காட்டி, கண்ணாடியின் மேலே ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்து, அவிழ்த்துவிடுகிற பொத்தானை அமுக்கினேன். நிஜமாகவா என்று மெஷின் இரண்டு தடவை கேட்டது. சாமி காரியத்தில் தயங்கக் கூடாது என்று இரண்டு தடவையும் ஆமாம் என்று அமுக்கினேன். காரி ஒருமுறை திரும்பிப் பார்த்தான், கொம்பை ஆட்டினான், போய்விட்டான். கழுத்தில் ஒரு துண்டு கட்ட முடியவில்லையே என்ற குறை தவிர எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ஏன் காரியை விட்டாய், ஒன்றுக்கும் உதவாத வேறொன்றை விட்டிருக்கலாமே என்று கேட்பாய். சாமிக்கு நொண்டியையா விடுவார்கள்? அதோடு, விட்டால் போய்விடும் என்று நான் நினைக்கவே இல்லை. கோயில் மாடு எங்கே போகும்? ஊருக்குள்தான் திரியும், எவர் வயலிலும் மேயும், எவரும் விரட்ட மாட்டார்கள், மஞ்சுவிரட்டு அன்று முதல் மாடாக வந்து நிற்கும். உன் கடைசிப் போட்டிக்கும் காரி அப்படித்தான் முதலாவதாக வந்து நிற்பான் என்று இருந்தேன். நம் பழைய காளையை ஒக்கூர் பொட்டலில் அவிழ்த்துவிட்டோமே, கண்மாய், காடு எல்லாம் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் தானாக நம் வாசலில் வந்து நின்றது உனக்கே தெரியும். அந்தக் கணக்கில்தான் மூன்று நாள் பொறுத்தேன். நீ காரி எங்கே என்று கேட்டபோதெல்லாம் இங்கே நெட் இல்லை, அனுப்ப முடியவில்லை என்றேன். வாட்ஸப் காலில் அதைச் சொன்னேன், நீயும் சரிம்மா என்றாய். இன்ஜினியருக்குப் படித்த பிள்ளை! அந்த மூன்று நாளும் மெஷினுக்குள் இருக்கிற அத்தனை புல்வெளியிலும் நடந்து தேடினேன். கண்டதும் கடியதும் குறுக்கே வந்து வம்புக்கு இழுத்தன, காரியைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை சத்தியப்பிரியா உன்னிடம் சேர்க்க வேண்டிய சாமான்கள் எவ்வளவு இருக்கும் என்று கேட்க வந்தாள். அவளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் ஆடிப்போய்விட்டாள். "அத்தை, அது வராது அத்தை. வெளிய விட்டா அழிஞ்சிருச்சுன்னு அர்த்தம். போட்டி முடியவும் விட்டிருக்கலாம்ல? அவகிட்ட எப்படிச் சொல்லப் போறீக?" என்றாள்.

அவள் போனதும் தொழுவத்தில் போய் உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. நீ இத்தனை மாதம் பாடுபட்டதைப் பத்து விநாடியில் தொலைத்துவிட்டேன் என்று அழுதேன், காரிக்காகவும் அழுதேன். அப்பா முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் பாட்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பொன்னழகிடம், இந்த நேர்த்திக்கடன் செல்லுமா என்று கேட்டிருக்கிறார். பொன்னழகு வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது புல்லு திங்குமாண்ணே?" என்று கேட்டாராம். இவர், கரண்டுதான் திங்கும் என்றாராம். மறுபடியும் யோசித்துவிட்டு, "மதனி மனசறிஞ்சு இருக்கறதுல நல்லதத்தான விட்டிருக்காக. செல்லும். ஆனா திருப்பிக் கேக்கக் கூடாது" என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். அந்தத் திருநீற்றைப் பார்சலில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். மெஷினில் பூசாதே, ஓட்டைக்குள் போய்விடும், உன் நெற்றியில் வைத்துக்கொள்.

திருப்பிக் கேட்க முடியாது என்றான பிறகு, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் ஆகுமா? மிச்சம் இருந்த ஐந்தையும் வரிசையாகப் பார்த்தேன். அதில் முதுகில் பாசி பிடித்த, ஆமை மாதிரி ஒன்று இருக்கிறதே, எதற்கு இது என்று நீ ஒருநாளும் களத்தில் இறக்காதது, அதைப் பிடித்தேன். ஓடுகிற மாட்டைப் பார்த்து எவனும் பயப்பட மாட்டான், நின்று விளையாடுகிற மாட்டைப் பார்த்துத்தான் பயப்படுவான். பாசிக்கு வேகமே வேண்டாம் என்று முடிவு பண்ணி, நான் முன்னே எல்லோருக்கும் சமமாகக் கொடுத்ததை எல்லாம் அழித்துவிட்டு, இருக்கிற அத்தனையையும் தாக்குப்பிடிக்கிற சக்தியில் ஏற்றினேன். இப்போது எவன் அடித்தாலும் அசையாமல் நிற்கிறது, கொஞ்சம் விஷத்தைத் தெளித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது, அடித்து அடித்து அவனே களைத்து விழுகிறான். நாலு நாளில் முகம் தெரியாத ஆட்களோடு இருபது ஆட்டம் விட்டேன், பதிமூன்றில் ஜெயம். நெருப்பு உருப்படி வந்தால் மட்டும் பாசியை உள்ளே இழுத்துவிடு, நெருப்புக்கு அது ஆகாது. மற்றபடி அவசரப்படாதே. உனக்கு அவசரம் ஜாஸ்தி, அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய். கடிதத்தை மூடியதும் பாசியோடு மற்ற நாலையும் உனக்கு அனுப்பிவிடுகிறேன். நெட் வந்துவிட்டது என்று சொன்னேனே, அதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் மூட மனசு வரவில்லை. நீ போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டதாகத்தான் சத்தியப்பிரியா, அப்பா, பொன்னழகு எல்லோரும் நினைக்கிறார்கள், நீயும் இந்நேரம் அப்படித்தான் நினைத்திருப்பாய். இல்லை. போன ஐப்பசியில் இந்த மெஷினே நம் வீட்டுக்கு வரவில்லை. உனக்கு வேலை போனதும் எங்களுக்குத் தெரியாது, ஐந்து மாதம் மறைத்தாயே, நல்ல பிள்ளை. போன் பண்ணினால் சாப்பிட்டேன்மா என்பாய், தூங்கப் போறேன்மா என்பாய், அதற்கு மேல் பேச்சு இருக்காது. என்ன ஏது என்று கேட்டால் வைத்துவிடுவாய். கேட்காமல் இருந்தாலும் வைத்துவிடுவாய். ஒருநாள் நீ போனை வைத்ததும் நேராகக் கோயிலுக்குப் போய், என் பிள்ளை பழையபடி வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அந்தச் சத்தம் என் காதில் விழ வேண்டும் என்று கேட்டேன். தொழுவத்தில் காளை இல்லாதது சாமிக்கும் தெரியும், இருந்தாலும் முதல் காளை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். புது வேலை கிடைத்தது, தினமும் பேசினாய், எல்லாம் சரி, ஆனால் அந்தச் சிரிப்பு வரவில்லை. ஆடிப்பெருக்கு அன்றுதான் வந்தது. நீ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரி போனதில் எனக்கு வருத்தம் உண்டு, உன்னிடம் கேட்காமல் விட்டது தப்பு என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்ப அதே நாள் வந்தாலும் அதே பொத்தானைத்தான் அமுக்குவேன்.

வான்கூவர் போகும்போது ஸ்வெட்டரை மறக்காதே, வெளியே எங்கேயும் பச்சைத் தண்ணீர் குடிக்காதே, சத்தியப்பிரியாவுக்குச் சீடையில் பாதியைக் கொடு. நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். படித்து முடித்ததும் போன் பண்ணு, திட்டுவதாக இருந்தாலும் ஆறு மணிக்கே பண்ணு, காப்பியோடு காத்திருப்பேன். முப்பதாம் தேதிப் போட்டிக்காக நான் எந்தச் சாமியிடமும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை, மிச்சம் இருக்கிற ஐந்தும் எனக்கு வேண்டும். ஜெயிப்பதை நீயும் பாசியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் காளையை அவிழ்த்துவிட்ட அம்மா,
வீ. செந்தாமரை