வெள்ளிக்கிழமை அழைப்பு

ஐப்பசி 9, வெள்ளி.

இன்று மகள் இஸ்ரேலிலிருந்து பேசினாள். அவள் பராமரிக்கும் கிழவர், யூதர் சங்கம் ஒன்றுக்காக அரபு நாடுகளுக்குப் போய் நட்புப் பேசித் திரிந்தவர். அப்படிக் கிடைத்த மொரோக்கோச் சிநேகிதர் வெள்ளிதோறும் அழைப்பாராம். சண்டை தொடங்கியபின் அழைப்பில்லை.

"இண்டைக்கும் போனை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறார், அப்பா. நீங்களே எடுங்கோவன் எண்டன். நான் கதைச்சா அவனைத்தான் ஊரில ஏசுவினம் எண்டு சொல்லுறார்."

எனக்குக் காசீமின் நினைவு வந்தது. என் தோணியில் பாதிப் பங்காளி. தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்துக்காரர் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது புத்தளம் போனவன். அவனுக்குக் கடிதம் போடாததற்கு, எழுதத் தெரியாது என்று இத்தனை வருடமும் சாட்டுச் சொன்னேன். இப்போதுதான் எழுதப் பழகி இந்த நாட்குறிப்பும் எழுதுகிறேன்.

'அன்புள்ள காசீம்' என்று இன்று எழுதினேன். வடிவாக வந்தது. சந்தோசத்தில் இரண்டு தரம் வாசித்தேன்.

நீ போன அன்று நான் ஏன் வெளியே வரவில்லை என்று அடுத்ததாக எழுத வேண்டும். அதற்கு வேண்டிய எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும்.