உறையில் இருந்த கோந்து

நம் சின்னக்குட்டியின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அத்தையின் இருமல் நின்றதா?

உன் கடிதம் வந்தது. சின்னக்குட்டியின் வகுப்பில் வாத்தியார், "வீட்ல ஆட்சியப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு எழுதிட்டு வாங்க" என்றாராமே. நீ வழக்கம்போல ஊதிப் பெரிதாக்குகிறாய் என்றுதான் நினைத்தேன். பிறகு உறையைப் பார்த்தேன். நீ எப்போதும் சோற்றுப் பருக்கை வைத்துத்தான் ஒட்டுவாய். இதில் கோந்து. நம் வீட்டில் கோந்து ஏது? யாரோ பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்கப் புத்தகம் பைண்டிங் செய்கிறவனிடமா இந்த வேலை?

இங்கே ஒரு பள்ளியில் கேட்டேன். "கூட்டிட்டு வாங்க, இடம் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. இவ்வளவு சுலபமா என்று அதையும் சந்தேகப்பட்டு, மூன்று நாள் வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். வாட்ச்மேன்தான் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

அதனால் நீயும் சின்னக்குட்டியும் வந்துவிடுங்கள். இதைத் தபாலில் போடாமல், லீவில் ஊருக்கு வரும் என் அறை நண்பரிடம் கொடுக்கிறேன். நல்ல மனுஷர்தான். ஆனாலும் சோறு வைத்துத்தான் ஒட்டுகிறேன், தொட்டுப் பார்த்துக்கொள். அவர் திரும்பும்போது சின்னக்குட்டியின் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், நீங்கள் வரும்வரை அந்த வாசனையாவது என்னோடு இருக்கட்டும்.

அவர் செருப்பு மாட்டிவிட்டார், முடிக்கிறேன். அடுத்த வாரம் தபாலில் இன்னொரு கடிதம் வரும். இங்கே பள்ளி சரியில்லை, வரவேண்டாம் என்று அதில் எழுதியிருப்பேன். ஒரு வரிகூட நம்பாதே. ஆனால் அக்கம்பக்கம் கேட்கும்படி உரக்கப் படி.