துரை நகர மாட்டேங்கான்

என் பிரியமான அப்பா,

நேற்றுச் சாயங்காலம் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் ஒரு காரியம் நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஆனால் துரை நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் உங்களுக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. மில்லில் நீங்கள் நடந்து வந்தால் ஷிப்ட் முழுக்க நிமிர்ந்து பார்க்கும் என்பார்கள். அந்த மனிதர் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நடந்தால்தான் கால் திரும்பும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "காலை இழுத்துக்கிட்டுப் போறத ஊரே வேடிக்கை பாக்கணுமாக்கும்?" என்று கேட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது, அப்பா.

அப்போதுதான் அம்மாவின் தம்பி, நம் சேத்தூர் மாமா, லோடு வேனில் அந்தக் குட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். குட்டி என்று பேர்தான். இடுப்பு உயரம், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, ரோஸ் நிறத்தில் மூக்கு. வாங்கியவர்களால் சமாளிக்க முடியவில்லையாம். ராஜபாளையத்தில் இருந்துகொண்டு ராஜபாளையம் நாய் இல்லாத வீடா என்று சொல்லி, கயிற்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாமா நழுவிவிட்டார். துரை என்று பேர் வைத்தது நீங்கள். "சொன்ன பேச்சு கேக்க மாட்டாரு. எல்லாம் இருந்த எடத்துக்கு வரணும். துரையேதான்" என்றீர்கள்.

வெளியே கூட்டிப்போனால் அது உட்கார்ந்துவிடும். இழுத்தால் படுத்துவிடும். ஒருநாள் காலையில் நம் தெரு முக்கில், பஞ்சு லாரிக்கு முன்னால் நடு ரோட்டில் உட்கார்ந்துகொண்டது. அம்மா இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, லாரிக்காரர் ஹாரன் அடிக்க, தெருவே கூடிவிட்டது. ஜன்னலிலிருந்து கத்திக்கொண்டிருந்த நீங்கள் பொறுக்க மாட்டாமல் கைலியோடு இறங்கி வந்தீர்கள்.

உங்கள் காலை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் துரை மேல். நீங்கள் வலது கையில் கயிற்றை வாங்கி, இழுக்கத் தெம்பில்லாமல் சும்மா நின்றீர்கள். அதுவும் கொஞ்ச நேரம் உங்களைப் பார்த்துவிட்டுத் தானாக எழுந்து கூடவே வந்தது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் கிளம்பினீர்கள். கால் ஓய்ந்து நிற்க வேண்டிவந்த இடத்திலெல்லாம், எதிரே வருகிறவரிடம் "இவன் நகர மாட்டேங்கான்" என்பீர்கள். பல நேரம் துரை நிஜமாகவே உட்கார்ந்திருக்கும். சில நேரம் இருக்காது. டீக்கடைக்காரர், "துரை எந்திரிக்கட்டும் அண்ணாச்சி, அதுக்குள்ள ஒரு டீ குடிங்க" என்பார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஏட்டி, உன் தம்பி இன்னைக்கும் மானத்த வாங்கிட்டான்" என்பீர்கள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரக் கூப்பிட்டார்கள். நீங்கள் மறுபடியும் முடங்கிக்கொண்டீர்கள். "இந்தக் காலப் பாத்தா, நாளைக்கு இவரையும் நாமதான் பாக்கணும்னு நெனைப்பாக. பொண்ணே வேண்டாம்னுருவாக." கடைசியில், துரை வந்தால் வருகிறேன் என்றீர்கள்.

"சம்பந்தம் பேசப் போற எடத்துக்கு நாயா? கூறு இருக்கா உங்களுக்கு?" அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அங்கே நடந்ததை மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேன் நுழையாத சந்து என்பதால் தேரடியில் இறங்கி நடந்தீர்களாம். பாதி வழியில் உங்கள் கால் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வரவேற்க எதிரே வந்துவிட்டார். நீங்கள் வழக்கம்போல, "இவன்... நகர மாட்டேங்கான்" என்றீர்கள்.

ஆனால் அன்றைக்கென்று பார்த்துத் துரை உட்காரவில்லை. பால்கோவா அடுப்பில் பால் சுண்டும் வாசனை பிடித்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு விறைத்து நின்றது. மாமாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்ததாம்.

அந்த மனிதர் கயிற்றைப் பார்த்தார். உங்கள் காலைப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி, இந்தச் சாதி நாய் ரொம்பப் பிடிவாதம்லா. செத்த நேரம் நிப்போம், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நின்றார். நீங்கள் நடக்கத் தயாராகும்வரை மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றாராம்.

மாமா இதைச் சொல்லி முடித்தபோது, மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கே போகிறேன் என்றேன். கயிறு விறைத்திருந்தது அன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா, அப்பா? தெரிந்தேதான் சொன்னீர்களா? கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே நீங்கள் இருந்த காலம் போய்விட்டது.

நீங்கள் போன பிறகு துரையும் அதிக நாள் இருக்கவில்லை. இப்போது மாமனாருக்கு நெஞ்சில் கோளாறு. நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறது. நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமனார் என்ன செய்தார் தெரியுமா? சேத்தூர் மாமாவைக் கூப்பிட்டு, "ஒங்க ஊர்க் குட்டி ஒண்ணு வேணும். நல்ல பிடிவாதக்காரனாப் பாத்துக் கொண்டாங்க" என்றார். வந்திருக்கிறது. அதே வெள்ளை, அதே மூக்கு. பேரும் துரைதான். அவர் வைத்த பேர்.

நேற்று நான் கூடப் போனேன். தேரடியில் வைத்துக் குட்டி பால்கோவா வாசனை பிடித்து முன்னால் பாய்ந்தது. மாமனார் நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்க்காமல், "இவன் நகர மாட்டேங்கான்மா" என்றார்.

"ஆமா மாமா, ரொம்பப் பிடிவாதம். செத்த நேரம் நிப்போம்" என்றேன். நின்றோம்.

இனி அவர் எங்கே நின்றாலும் நான் நாயைத்தான் திட்டுவேன், அப்பா. கயிற்றைப் பார்க்கவே மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகள்,
இரண்டு துரைகளுக்கும் அக்கா.