கூரையில் ஒன்பது கண்ணாடி

அக். 8, வியாழன்

காலையிலிருந்து தூறல். சைட்டுக்குள்ள கால் வெக்கறதுக்குள்ள சுடிதார் பூரா சேறு.

திங்கக்கிழமை கிரீன் பில்டிங் சர்டிபிகேட்டுக்கு ஆய்வாளர் வர்றார். பாக்கி:
– கூரைக் கண்ணாடி ஒம்பதும் கழுவணும்
– மழைத்தண்ணித் தொட்டிக்கு மூடி (வெல்டர் மூணு நாளா "இதா வந்துட்டனுங்க")
– வெளிச்சம் அளக்கற லக்ஸ் மீட்டருக்கு பேட்டரி
– அம்மாவுக்கு மாத்திரை

நம்ம துணி வாங்கற வெளிநாட்டு பையர் கேட்டான்னுதான் கம்பெனி முதலாளி இந்த சர்டிபிகேட்ல எறங்கினார். தையல் ஹாலை ஆரம்பிச்சப்ப பழைய விதி. வரைபடம் காட்டினாப் போதும். கூரை போட்டு முடிச்ச பின்னால அந்த விதிக்குப் புதுப் பதிப்பு வந்துருச்சு. ஆள் உக்காந்து வேலை பாக்கற எடத்துல பகல் வெளிச்சம் எவ்வளவுன்னு அளந்தே காட்டணுமாம். சைட் இஞ்சினியர் நான்தான, முடிச்ச கூரையை ஒம்பது எடத்துல வெட்டி கண்ணாடி வெச்சேன். ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் தையல்காரங்க பழைய குடோன்ல, ஆஸ்பெஸ்டாஸ் கீழ வெந்தாங்க. போய்க் கேட்டது நான்தான். "பொறுத்துக்கங்க அக்கா, திரும்பி வந்தீங்கன்னா பகல்ல டியூப்லைட்டே வேண்டாம்"னு வாக்குக் குடுத்தேன்.

அக். 12, திங்கள்

வெயில். நல்லவேளை.

ஆய்வாளர் அதிகம் பேசாத ஆள். ஒவ்வொரு தையல் மிஷின் டேபிள் மேலயும் மீட்டரை வெச்சுப் பாத்தார். எல்லா எடத்துலயும் பாஸ். கண்ணாடிக்குக் கீழ வரிசையா எதுக்குக் கொக்கின்னு கேட்டார். பாஸ்கர் முந்திக்கிட்டான்: "கண்ணாடி கழுவற ஆளு கயிறு கட்டறதுக்குங்க சார்." நானும் தலையாட்டினேன். எங்கிட்டயும் அதத்தான சொல்லியிருக்கான். பாஸ்கர்தான் இங்க டிராயிங் போடறவன், பாலிடெக்னிக்ல என் கிளாஸ். எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்தவனும் அவன்தான்.

சரசக்கா, ஓவர்லாக் மிஷின்ல பதினேழு வருசம்: "மழை பேயறதே இப்பத்தான் தெரியுது கண்ணு. முன்னெல்லாம் வேலை உட்டு வெளிய போனாத்தான் ரோடு நனைஞ்சு கெடக்கறது தெரியும்."

ராயபுரத்துல வீடு வர்ற வரைக்கும் பஸ்ல அதையே நெனச்சுட்டு வந்தேன். ரொம்ப சந்தோசமா இருக்கு. எழுதி வெச்சுக்கறேன், யார் பாக்கப் போறாங்க.

அக். 15, வியாழன்

சர்டிபிகேட் ஆபீஸ்ல இருந்து போன் வந்துருச்சு. பாஸ். பேப்பர் பின்னால வருது. முதலாளி கூப்பிட்டு மைசூர்பா டப்பா குடுத்தார். "நீ இல்லீன்னா இது ஆயிருக்காது கண்ணு."

தீவாளி போனஸ் குடுத்து முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல நிக்க எடமில்ல. மதுரை, தேனி ஆளெல்லாம் கெளம்பியாச்சு. இனி ஒரு வாரம், பத்து நாள் ஊரே காலி. பாஸ்கர் தாராபுரம் போறானாம். "நீயும் ரெஸ்ட் எடு தேவி. கம்பெனிப் பக்கமே வராத"ன்னான். அக்கறைதான்.

அக். 26, திங்கள்

தீவாளி லீவு முடிஞ்சு முதல் நாள். வெளிய கண்ணு கூசற வெயில். ஹாலுக்குள்ள இருட்டு.

ஒம்பது கண்ணாடிக்குக் கீழயும் கறுப்புத் தார்ப்பாயில படுதா. டியூப்லைட் பூரா எரியுது. படுதா தொங்கறது அந்தக் கொக்கியில. ஏணி ஏறி ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்து, சரின்னு டிக் போட்டவ நான்.

வாட்ச்மேன்: "பாஸ்கர் சார் தீவாளிக்கு மறுநாளே வந்து, கூடவே நின்னு மாட்டுனாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாதுங்க.

தையல்காரங்க என்னைப் பாத்ததும் மிஷின்ல குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தாத் தேவல.

அக். 27, செவ்வாய்

பாஸ்கர் வரல. அவன் கம்ப்யூட்டரைத் தொறந்து தேடினேன். தப்புதான், இருக்கட்டும். படுதாவுக்கு டிராயிங் இருக்கு. தேதி ஜூலை. கூரையை வெட்டறதுக்கும் முந்தி. அப்ப நான் குடோன்ல போய் வாக்குக் குடுத்தப்பவே மூடறதுக்கு அளவு எடுத்தாச்சு. நான் சொன்னா நம்புவாங்கன்னுதான் என்னை அனுப்பியிருக்காங்க.

சாயந்திரம் போன்ல கேட்டேன். "முதலாளிதான் சொல்ல வேண்டாம்னார் தேவி. உனக்குத் தெரிஞ்சிருந்தா ஆய்வாளர்கிட்ட உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

பன்னெண்டு வருசப் பழக்கம். என் மூஞ்சியை நல்லாத்தான் படிச்சு வெச்சிருக்கான். பாவி.

சோறு எறங்கல. அம்மாகிட்ட தலைவலின்னு சொல்லிட்டேன்.

அக். 28, புதன்

முதலாளி ரூம். காபி வரவழைச்சார். அவருக்குக் கோவமே இல்ல.

"வெயில் பட்டா தைச்ச கலர் பீஸு ஒரு பக்கம் வெளுக்குது கண்ணு. துணியோட ஷேடு டியூப்லைட்ல ஒண்ணு, வெயில்ல ஒண்ணாத் தெரியுதுன்னு செக்கிங்ல தினம் சண்டை. பையர் வாங்கறது பீஸை. கூரையையா வாங்கறான்?"

"அப்ப எதுக்குங்க வெட்டச் சொன்னீங்க?"

"சர்டிபிகேட் வேணுமல்ல."

ஒரு பேப்பரை நகத்தினார். புதுப் பதிப்புப்படி, ஆய்வு முடிஞ்சு ஆளுங்க வேலை பாக்கறப்ப இன்னொருக்கா அளந்து சைட் இஞ்சினியர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அளவெல்லாம் ஏற்கெனவே டைப் அடிச்சிருந்தது. பன்னெண்டாந்தேதி எடுத்த அதே அளவு.

போட மாட்டனுங்கன்னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சார். "யோசிச்சுப் பாத்துட்டு நாளைக்குப் போட்டுக் குடு கண்ணு."

அக். 29, வியாழன்

ராத்திரி மழை, காலையில விட்டிருக்கு.

மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிச்சதும் டியூப்லைட் அணைச்சாங்க. மீட்டரோட போய் டேபிள் டேபிளா அளந்தேன். ஒண்ணுகூடத் தேறாது. உள்ளதை உள்ளபடி எழுதி, என் கையெழுத்தைப் போட்டு கவர்ல வெச்சுட்டேன். நாளைக்கு நானே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புவேன். வேலை போகும். போகட்டும்.

அதே வேகத்துல சரசக்காகிட்டப் போனேன். மிஷினுக்குப் பக்கத்துல கீழ உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"செரிங்க கண்ணு."

அந்தச் 'செரிங்க'வைத் தாங்க முடியல. தூண்ல கட்டியிருந்த படுதாக் கயித்தை அவுத்து இழுத்தேன். அந்த ஒரு படுதா மட்டும் ஒதுங்குச்சு. டிபன் டப்பா மேல வெயில் விழுந்துச்சு. நாலஞ்சு பேர் அண்ணாந்து பாத்தாங்க.

அக்கா பாக்கல. "மூடிருங்க கண்ணு. நீங்க நாளைக்கு வேற கம்பெனிக்குப் போயிருவீங்க. கயித்தை அவுத்தது ஆருன்னு எங்களத்தான் கேப்பாங்க."

மூடினேன். முடிச்சு நிக்கல. அக்காவே கை கழுவிட்டு வந்து இறுக்கிக் கட்டினாங்க.